ஓபன்எஸ்எஸ்எச்: ஒரு நிரல், பல இயங்குதளங்கள்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

தொலைவில் இருக்கும் சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைந்து வேலை பார்க்க இன்று பெரும்பாலான கணினி நிர்வாகிகள் நம்பியிருப்பது ஓபன்எஸ்எஸ்எச் என்ற திறமூல மென்பொருளைத்தான். லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் மேக்ஓஎஸ்ஸிலும் அது இருக்கிறது. 2018இல் விண்டோஸ் 10 உடனும் வரத் தொடங்கியது. இத்தனை இடங்களில் ஓடினாலும், அது முதலில் எழுதப்படுவது ஓபன்பிஎஸ்டி என்ற ஒரேயோர் இயங்குதளத்துக்காகவே. 1999 டிசம்பரில் அந்த இயங்குதளத்தின் 2.6ஆம் பதிப்போடு அது வெளிவந்தது. ஓர் இயங்குதளத்துக்கு எழுதிய நிரலைப் பிற இயங்குதளங்களிலும் பழுதின்றி ஓடச் செய்வதில் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்பதை இந்த மென்பொருளின் வரலாற்றை வைத்தே சொல்ல விரும்புகிறேன்.

இங்கே வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஒரு குழுவினர் ஓபன்பிஎஸ்டியை மட்டும் மனத்தில் கொண்டு, படிப்பதற்கும் சரிபார்ப்பதற்கும் எளிதாக நிரலை எழுதுகிறார்கள். இன்னொரு குழுவினர் அதை எடுத்து, மற்ற இயங்குதளங்களில் இல்லாதவற்றை ஈடுசெய்து, பதிப்பு எண்ணோடு ‘பி’ என்ற எழுத்தைச் சேர்த்து வெளியிடுகிறார்கள். 9.8 என்பது ஓபன்பிஎஸ்டிக்கு உரியது, 9.8பி1 மற்ற இயங்குதளங்களுக்கு உரியது. ஈடுசெய்யும் நிரல்களில் பெரும்பகுதி ‘ஓபன்பிஎஸ்டி-காம்பேட்’ என்ற தனி ஃபோல்டரில் இருக்கிறது.

அந்த ஃபோல்டரில் இருக்கும் ஒன்றைப் பார்ப்போம். எழுத்துத் தொடரை நகலெடுக்கும்போது ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதிவிடாமல் காக்கும் எஸ்டிஆர்எல்சிபிஒய் என்ற ஃபங்ஷனை, அதாவது ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் சிறு நிரல்பகுதியை, ஓபன்பிஎஸ்டி 1998இல் கொண்டுவந்தது. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி அதை ஏற்றுக்கொண்டது 2023இல், தன் 2.38ஆம் பதிப்பில். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் அதை லினக்ஸில் பயன்படுத்த விரும்பிய திட்டங்கள் தங்களுக்கென ஒரு பிரதியைச் சுமந்துகொண்டே இருந்தன. ஓபன்எஸ்எஸ்எச்சின் முதன்மை நிரலோ, அந்த ஃபங்ஷன் எங்கும் இருப்பதுபோலவே அதை அழைக்கிறது. இல்லாத இடத்தில் ஃபோல்டரில் உள்ள பிரதி அந்த வேலையைச் செய்கிறது. ‘லினக்ஸ் என்றால் இப்படி, விண்டோஸ் என்றால் அப்படி’ என்று பக்கத்துக்குப் பக்கம் நிபந்தனைகளைத் தூவி வைக்கும் திட்டங்களைவிட இந்த முறை பல மடங்கு மேலானது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு ஃபங்ஷன் இல்லையென்றால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் உடனே நின்று சொல்லிவிடும். ஒரே வேலையைச் செய்யும் ஃபங்ஷன்கள் நடத்தையில் வேறுபடும்போது அது வாய் திறப்பதில்லை. உள்ளே நுழைய வருபவர் 120 விநாடிகளுக்குள் தம்மை யாரென்று நிரூபிக்காவிட்டால், ஓபன்எஸ்எஸ்எச் சர்வருக்கு ஒரு சிக்னல் வரும். அது எந்த வேலையின் நடுவில் இருந்தாலும் அதை அப்படியே விட்டுவிட்டு, நடந்ததைப் பதிவேட்டில் எழுதப் போவது 2024 வரை அதன் வழக்கம். ஓபன்பிஎஸ்டியில் இப்படிப்பட்ட இடைவெட்டுகளின்போதும் பாதுகாப்பாக எழுதவல்ல ஒரு தனி ஃபங்ஷன் 2001 முதலே உண்டு. ஜிலிப்சியில் பதிவேட்டில் எழுதும் ஃபங்ஷனோ தன் வேலைக்கு நினைவகம் கேட்கக்கூடும். நினைவகத்தை ஒதுக்கும் வேலை பாதியில் நிற்கும்போதே மறுபடியும் நினைவகம் கேட்டால், அதன் கணக்கே குலைந்துபோகும். ஆகவே, பாதுகாப்பான இயங்குதளத்தில் மட்டும் அங்கே பதிவு செய்க என்று ஒரு நிபந்தனை வரி அந்த நிரலில் இருந்தது.

2020 அக்டோபரில் பதிவு செய்யும் பகுதியைச் சீரமைத்தபோது அந்த வரி நீங்கிப்போனது. ஓபன்பிஎஸ்டியில் எந்த மாற்றமும் தெரியவில்லை; லினக்ஸிலும் எல்லாம் வழக்கம்போலவே ஓடின. 8.5பி1 முதல் 9.7பி1 வரை எல்லாப் பதிப்புகளிலும் அந்த ஓட்டை இருந்தது. 2024 ஜூலை 1 அன்று குவாலிஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதை வெளியிட்டபோதுதான், கடவுச்சொல் எதுவும் இல்லாமலே தாக்குபவர் ஒருவர் லினக்ஸ் சர்வரின் ரூட் எனப்படும் முழு அதிகாரத்தைப் பெற முடியும் என்பது தெரிந்தது. இதே கோளாறு 2006இலேயே கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டிருந்தது என்பதுதான் மேலும் வருத்தம் தருவது. பிற இயங்குதளங்களுக்காக எழுதப்படும் நிபந்தனை வரி ஒவ்வொன்றின் அருகிலும் அது ஏன் அங்கே இருக்கிறது என்ற காரணம் எழுதப்பட வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

2024 மார்ச்சில், எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளுக்குள் கள்ள வழி நுழைக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. அந்தச் சதியிலும் இதற்கு நெருங்கிய ஒரு செய்தி உண்டு. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று பார்க்கும் சிறு சோதனை நிரலுக்குள் ஒரே ஒரு புள்ளி நுழைக்கப்பட்டிருந்தது. சோதனை கம்பைல் ஆகவில்லை. ‘வசதி இல்லை’ என்று முடிவாகி, பாதுகாப்பு சத்தமின்றி விலக்கப்பட்டது. பாதுகாப்பு தொடர்பான வசதி எதுவும் கிடைக்காவிட்டால், இத்தகைய சோதனைகளை நடத்தும் கட்டமைப்பு நிரல் அதை உரக்கச் சொல்ல வேண்டும்.

இந்த உழைப்பால் நன்மை பெறுவது அந்த ஒரு மென்பொருள் மட்டுமன்று. 2014இல் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தில் ஹார்ட்பிளீட் என்ற கோளாறு வெளிப்பட்டதும் ஓபன்பிஎஸ்டி குழுவினர் அதிலிருந்து பிரித்துத் தொடங்கிய லிப்ரெஎஸ்எஸ்எல்லை, அந்த ஜூலையில் லினக்ஸுக்கும் கொண்டுவந்தார்கள். குறியாக்கத்துக்குத் தேவையான தற்போக்கு எண்களை, ஒரு கோப்பைத் திறக்காமல் நேரடியாகக் கேட்டுப் பெறும் முறையான வழி லினக்ஸ் கர்னலில் அப்போது இல்லை; திறந்த கோப்புகளின் வரம்பு தீர்ந்துபோனால் அந்த எண்களும் கிடைக்காது. அவர்கள் முன்வைத்த கோரிக்கையின் பேரில், அதே ஆண்டு அக்டோபரில் வந்த லினக்ஸ் 3.17இல் கெட்ரேண்டம் என்ற புதிய அழைப்பு சேர்க்கப்பட்டது. 2017இல் ஜிலிப்சியின் 2.25ஆம் பதிப்பு அதை எல்லா நிரலர்களின் கைக்கும் கொண்டுவந்தது. லிப்ரெஎஸ்எஸ்எல்லைத் தொட்டே பார்த்திராத நிரல்களும் இன்று லினக்ஸில் அந்த அழைப்பைப் பயன்படுத்திக்கொண்டிருக்கின்றன.

நன்றி, வணக்கம்.