நீதிமன்றத்துக்கு வந்த 555 நோட்டு

நேயர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். நம் மலேசியாவின் பினாங்கில் நீதிமன்றத் தமிழ் மொழிபெயர்ப்பாளராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். குடும்ப வழக்குகளில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியில்லாமல் தாமே வந்து நிற்கும் நம்மவர்களை, குறிப்பாகப் பிள்ளைகளின் பராமரிப்புத் தொகை கேட்டு வரும் தாய்மார்களை, சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றபடியே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர்களுடைய துன்பம் உண்மையானது. ஆனால் அந்த உண்மையைத் தாங்கி நிற்க வேண்டிய காகிதம் பல வேளைகளில் கையில் இருப்பதில்லை. அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் பேசுவது முஸ்லிம் அல்லாத குடும்பங்களைப் பற்றி. முஸ்லிம்களுக்கு ஷரியா நீதிமன்றம் இருக்கிறது, அதன் நடைமுறை வேறு. முஸ்லிம் அல்லாதவர்களின் மணவிலக்கு, 1976ஆம் ஆண்டின் திருமணம் மற்றும் மணவிலக்குச் சட்டத்தின்படி உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது. மணவிலக்குக் கேட்காமல் மனைவிக்கோ பிள்ளைக்கோ செலவுத் தொகை மட்டும் கேட்பதாக இருந்தால், 1950ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின்படி கீழ் நீதிமன்றத்திலேயே மனு செய்யலாம். எங்கே போனாலும் திருமணப் பதிவுச் சான்றிதழும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் முதலில் வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திக்கொண்டு பதிவு செய்யாமல் விட்டவர்களை இன்றும் சந்திக்கிறேன். 1982 மார்ச் 1ஆம் தேதி முதல் பதிவு கட்டாயம் என்பதை உங்கள் வீட்டில் திருமணத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இப்போது என் மனத்தை விட்டு நீங்காத ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு இரண்டு பிள்ளைகளுடன் ஒரு தாய் வந்திருந்தார். கணவர் வீட்டை விட்டுப் போய் ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. கையில் ஒரு மைலோ டின், அது நிறைய ரசீதுகள். டின்னைத் திறந்து நீதிபதியின் முன் வைக்கச் சொன்னார்கள். மருந்தகம், பேரங்காடி, பள்ளிப் புத்தகக் கடை என்று ஓராண்டுச் செலவு முழுவதும் அதற்குள் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் வெறும் வெள்ளைத் தாள்! கடைகளில் இயந்திரம் அச்சடித்துத் தரும் வழவழப்பான ரசீது சூடு பட்டுக்கொண்டே இருந்தால் நாளடைவில் எழுத்து மங்கிப்போகும் தாள் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. அந்த டின்னை அவர் அடுப்பங்கரை அலமாரியில், அனல் படும் இடத்தில் வைத்திருந்தார். “எல்லாம் இதில்தான் இருந்தது ஐயா” என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னதை நீதிபதிக்கு மொழிபெயர்க்க வேண்டிய கடமை எனக்கு இருந்தது. அன்றைக்கு அந்த ஒரு வாக்கியம் வாயில் வரத் தடுமாறியது.

அவருக்குக் கைகொடுத்தது வேறொன்று. பையின் அடியில் ஒரு 555 நோட்டு இருந்தது. அந்தச் சின்ன நோட்டைத் தெரியாதவர்கள் நம்மில் யார்? மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதும் அதே நோட்டுதான். கடைக்காரர் தம் கைப்பட, தமிழில், தேதி போட்டு எழுதியிருந்தார். பால் மாவு, அரிசி 10 கிலோ, முட்டை, மண்ணெண்ணெய் என்று நான் ஒவ்வொரு வரியாக வாசித்து மலாயில் சொல்லச் சொல்ல, மன்றத்தில் அசைவே இல்லை. ஒரு மாதம்கூட விடுபடவில்லை. ஆனாலும் நீதிபதி, எழுதியவர் வந்து சொன்னால்தான் இதை ஏற்க முடியும் என்றார். அடுத்த தவணைக்கு அந்தக் கடைக்காரர் அரை நாள் கடையை அடைத்துவிட்டு வந்து, “இது என் கையெழுத்து, இந்தச் சாமான்களை நான்தான் கொடுத்தேன்” என்று சாட்சி சொன்னார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்க எழுந்தவர், கேள்வி ஏதும் கேட்காமலே அமர்ந்துவிட்டார்.

அதனால்தான் நான் போகும் இடமெல்லாம் இதைச் சொல்கிறேன், இன்றும் சொல்கிறேன். ரசீது கிடைத்த அன்றே நகல் எடுத்துவிடுங்கள், அல்லது கைப்பேசியில் தெளிவாகப் படம் பிடித்து வையுங்கள். கூடவே ஒரு நோட்டில் தேதி, பொருள், எத்தனை ரிங்கிட் என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். வழக்கு வந்த பிறகு ஒரே நாளில், ஒரே பேனாவால் உட்கார்ந்து எழுதிய கணக்கு பார்த்தவுடனே தெரிந்துவிடும். அன்றாடம் எழுதிய கணக்கில் மை மாறும், எழுத்து கோணும், எண்ணெய்க் கறைகூட இருக்கும். அந்தக் கறையைத் துடைத்துவிட்டுக் கொண்டுவராதீர்கள்.

அடுத்தது அஃபிடவிட். நீங்கள் சொல்வதை உறுதிமொழியாக எழுதித் தரும் பத்திரம் அது. “நான்” என்று தன்மையில், ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டு, நீங்கள் கண்டதையும் அறிந்ததையும் மட்டும் எழுத வேண்டும். அவர் கெட்டவர், பொறுப்பில்லாதவர் என்று நாலு பக்கம் எழுதுவதைவிட, எந்த மாதத்திலிருந்து பணம் வரவில்லை என்று ஒரு வரி எழுதி, அந்த மாதங்களின் வங்கிக் கணக்கறிக்கையைப் பின்னால் இணைப்பது பெரிது. இணைக்கும் ஒவ்வொரு தாளுக்கும் உங்கள் பெயரின் முதலெழுத்தோடு எண்ணும் போட்டு, பத்திரத்தில் எந்தப் பத்தி அதைக் குறிக்கிறதோ அந்த வரிசையிலேயே அடுக்குங்கள். கையெழுத்தை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போகாதீர்கள். அடையாள அட்டையுடன் சென்று சத்தியப் பிரமாண ஆணையரின் முன்னிலையில்தான் கையெழுத்திட வேண்டும். வீட்டில் போட்ட கையெழுத்தோடு வந்து, மறுபடியும் அச்செடுக்க மதிய வெயிலில் கடை தேடி அலைந்த முதியவர் ஒருவரை நானே பார்த்திருக்கிறேன்.

வாட்ஸ்அப் செய்திகளைப் பற்றி நிறையச் சொல்ல எண்ணியிருந்தேன், ஆனால் கடிகாரம் விரைகிறது. ஆகவே சுருக்கமாக: எதிரில் இருப்பவரின் எண்ணும் தேதியும் தெரியும்படி, இடையில் எதையும் வெட்டாமல் அச்செடுங்கள். பழைய கைப்பேசியை விற்றுவிடாதீர்கள். நம் மக்கள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்கிறார்கள். அதற்கும் மலாய் மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும், ஏனெனில் நீதிமன்ற ஆவணங்களின் மொழி மலாய். இருவரும் இணங்காத மணவிலக்காக இருந்தால், ஒருசில விதிவிலக்குகள் தவிர, முதலில் தேசியப் பதிவிலாகாவின் சமரசக் குழுவுக்குப் போய், சமரசம் ஆகவில்லை என்ற சான்றிதழைப் பெற்று மனுவோடு இணைக்க வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையையும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும் கட்டாயம் அணுகிப் பாருங்கள். மையம் பினாங்கிலும் இருக்கிறது, கோலாலம்பூரிலும் இருக்கிறது.

ஒலிப்பதிவு அறையிலிருந்து கை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நகல்களை நீதிமன்றத்துக்கு ஒன்று, எதிர்த்தரப்புக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று எடுத்தாலும், விசாரணை நாளில் மூலப் பத்திரங்களையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். தமிழில்தான் பேச முடியும் என்றால் அதை முன்கூட்டியே பதிவு அலுவலகத்தில் சொல்லி, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம், அது உங்களுக்காகவே அங்கே இருக்கும் வேலை. வணக்கம்.