கறுப்பு பிளேடுல விழுந்த கீறல்

வணக்கம் நேயர்களே. கறுப்பாவோ சாம்பல் கலர்லயோ தங்க கலர்லயோ கோட்டிங் போட்ட கத்தி வச்சிருக்கவங்க எல்லாருக்கும் ஒரு நாள் இந்தக் கவலை வந்தே தீரும். பிளேடுல பளிச்சுனு ஒரு கோடு விழுந்துடுச்சு, கோட்டிங் போயிடுச்சே, இனிமே துரு பிடிச்சுடுமா, மேல பெயின்ட் அடிச்சு மறைச்சுடலாமான்னு. அவசரப்பட வேண்டாம். மேல இருக்கிறது என்ன கோட்டிங், அடியில இருக்கிறது என்ன ஸ்டீல், இந்த ரெண்டும் தெரியாம எதுவும் பண்ணாதீங்க, தெரிஞ்சுட்டா பெரும்பாலும் எதுவும் பண்ண வேண்டியதே இருக்காது.

முதல்ல அது கீறல்தானான்னு பாக்கணும். டிஎல்சின்னு சொல்ற வைரம் மாதிரியான கார்பன் கோட்டிங், டைட்டானியம் நைட்ரைடு கோட்டிங் இதெல்லாம் ரொம்ப கெட்டி. அதுல அலுமினியமோ பித்தளையோ ஆணியோ உரசினா பல நேரம் கோட்டிங் தேயறதில்ல, உரசின பொருள்தான் தேஞ்சு பிளேடு மேல ஒட்டிக்கும். பாக்க அச்சு அசல் கீறல் மாதிரியே வெள்ளிக் கோடா தெரியும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு துணியால முதுகுப் பக்கத்துல இருந்து கூர் பக்கம் போற மாதிரி தேய்ங்க, போகலன்னா பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பரை எடுத்து தேய்ங்க. கோடு மெல்ல மெல்ல மங்கும், துணியில சாம்பலா கறை வரும். அப்படி வந்தா உங்க கோட்டிங்குக்கு ஒண்ணும் ஆகல. இது தெரியாம இரும்பு நார் போட்டு தேய்ச்சு நிஜக் கீறலை வரவழைச்சுக்கிறவங்கதான் அதிகம், அதைப் பாக்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமா இருக்கும்.

தேய்ச்சும் போகலையா, டார்ச்சை பிளேடு ஓரத்துல படுக்க வச்சு அடிச்சு, நகத்தை குறுக்கே ஓட்டிப் பாருங்க. நகம் மாட்டுச்சுன்னா அது நிஜக் கீறல்தான்.

சரி, அவ்வளவு கெட்டியான கோட்டிங் ஏன் கீறுது? டைட்டானியம் நைட்ரைடோட கடினம் விக்கர்ஸ் அளவுல 2000க்கு மேல, அடியில இருக்கிற கத்தி ஸ்டீல் சுமார் 700தான். ஆனா இந்த கோட்டிங்கோட கனம் 1 மைக்ரான்ல இருந்து 5 மைக்ரான் வரைக்கும்தான், நம்ம தலைமுடி ஒண்ணே 70 மைக்ரான் கிட்ட இருக்கும். களிமண் மேல மெல்லிசா கண்ணாடித் தகடு வச்ச மாதிரி, லேசா உரசினா ஒண்ணும் ஆகாது, ஒரே புள்ளியில அழுத்தினா அடியில இருக்கிறது அமுங்கி மேல இருக்கிறது உடையும். அதனாலதான் ஒரு கல்லுல மோதினா சின்னதா ஒரு பள்ளம் விழுந்து அந்த இடம் மட்டும் பளபளன்னு தெரியுது.

பெயின்ட் வகை கோட்டிங் வேற ரகம். எபாக்ஸி, பவுடர் கோட்டிங், செராகோட் மாதிரி சூடுபண்ணி இறுக வைக்கிறது, இதெல்லாம் கனமா இருக்கும், செராகோட்டே 25 மைக்ரான் வரும், ஆனா டிஎல்சி அளவுக்கு கெட்டி கிடையாது, உறையில போட்டு எடுத்தாலே தேயும். முதுகோட ரெண்டு ஓரம், பிளேடுல சரிவு ஆரம்பிக்கிற கோடு, இந்த மேடான இடங்கள்தான் முதல்ல வெளுக்கும். அது குறையே இல்ல, புழங்கற கத்தி அப்படித்தான் இருக்கும். மடக்கு கத்தியில பிளேடோட அடிப்பக்கம் வில்லு மாதிரி ஒரு மெல்லிய கோடு வருமே, அது மூடின பிளேடை பிடிச்சு வைக்கிற குட்டி குண்டு உரசற தடம், அந்த குண்டு இருக்கிற மடக்கு கத்தி எல்லாத்துலயும் வரும், அதுக்காக கழட்டிப் பாக்க வேண்டாம்.

அடுத்து பிளாக் ஆக்சைடு. இதைப் பத்தி நிறைய பேருக்கு தப்பான நினைப்பு இருக்கு. அது மேல பூசினது இல்ல, ஸ்டீலோட மேல்தோலையே ரசாயனத்துல கறுப்பு இரும்பு ஆக்சைடா மாத்தினது. தனியா அது துருவை பெருசா தடுக்காது, எண்ணெயை உறிஞ்சி பிடிச்சு வச்சுக்கும், நிஜமா காப்பாத்தறது அந்த எண்ணெய்தான். எண்ணெய் காஞ்சு போன பிளாக் ஆக்சைடு கத்தி கீறலே இல்லாம கூட துரு பிடிக்கும்.

இப்ப ஸ்டீலுக்கு வருவோம், கீறலைப் பத்தி கவலைப்படணுமா வேண்டாமான்னு முடிவு பண்றது இதுதான். ஸ்டெயின்லெஸ்னா குறைஞ்சது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும், கீறல் விழுந்த இடத்துல அந்த குரோமியமே ஒரு மெல்லிய படலம் போட்டு தன்னைக் காப்பாத்திக்கும், நீங்க கழுவி துடைச்சு வச்சா போதும். 1095 மாதிரி கார்பன் ஸ்டீல்னா அந்த வசதி இல்ல, கோட்டிங் போன இடம் ஈரத்துல கிடந்தா ஒரே ராத்திரியில கூட துரு வரும். டி2ன்னு ஒண்ணு இருக்கு, குரோமியம் 12 சதவீதம் கிட்ட இருந்தாலும் அதுல நல்ல பங்கு கார்பனோட சேந்து போயிடறதால முழு ஸ்டெயின்லெஸ்னு நம்பி விட்டுடக்கூடாது.

கார்பன் ஸ்டீல் கத்தியில பெயின்ட் வகை கோட்டிங் கீறியிருந்தா கீறலோட கரையை உத்துப் பாருங்க. ஓரம் லேசா உப்பி, பழுப்பா இருந்தா துரு அடியில புகுந்து கோட்டிங்கை தூக்குதுன்னு அர்த்தம். தூக்கின பகுதியை சுரண்டி எடுத்துட்டு, நைஸ் உப்புத்தாள்ல எண்ணெய் விட்டு அந்த இடத்தை மட்டும் தேய்ச்சு, துடைச்சு, மெல்லிசா மினரல் ஆயில் தடவி வைங்க. சாப்பாட்டுக்கு புழங்கற கத்தின்னா உணவுக்கு ஏத்த மினரல் ஆயில்தான், சமையல் எண்ணெய் நாளாக நாளாக பிசுபிசுன்னு ஆகி நாறும். மார்க்கர் பேனாவால கறுப்பாக்கறது கண்ணுக்கு மட்டும்தான், துருவுக்கு எந்த தடையும் இல்ல. கோல்டு புளூன்னு கறுப்பாக்கற திரவம் விக்கிறாங்க, பல வகையில செலினியம் சேந்திருக்கும், விஷம், சாப்பாட்டு கத்தி பக்கமே கொண்டு போகாதீங்க, ஸ்டெயின்லெஸ்ல அது சரியா பிடிக்கவும் பிடிக்காது. வீட்ல ஓவன் அடுப்புல வச்சு புதுசா பவுடர் கோட்டிங் போடலாம்னு சிலர் இறங்கறாங்க, அதுக்கு 200 டிகிரி கிட்ட சூடு வேணும், சில ஸ்டீல் அந்த சூட்டுல இளகிப் போய் கூர் நிக்காத கத்தியா ஆயிடும். கறுப்பு போனா போகட்டும், பதம் போச்சுன்னா கத்தியே போச்சு.

கிச்சன் கத்தியில கலர் கோட்டிங் சிப்பு சிப்பா உரிய ஆரம்பிச்சா மட்டும் நான் கறாரா சொல்லுவேன், அதுல நறுக்கறதை நிறுத்துங்க. வெறும் கோடு விழுறது வேற, உரியறது வேற, அந்த துணுக்கு சாப்பாட்டுலதான் விழும்.

புதுக் கீறல் வராம பாக்கறதுல உறைதான் முக்கியம். பிளாஸ்டிக் உறைக்குள்ள மணல் ஒரு துளி இருந்தா போதும், ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் அதே இடத்துல அறுக்கும், அதனால பிளேடைக் கழுவற மாதிரி உறையையும் கழுவி தலைகீழா காய வைங்க. தோல் உறை ஈரத்தை வாங்கி வச்சுக்கும், நாள்கணக்குல அதுல போட்டு வைக்காதீங்க.

கடைசியா சாணை. தீட்டினா கூர்ல கோட்டிங் போகத்தான் செய்யும், அங்க ஸ்டீல் வெளிய தெரிஞ்சாதான் வெட்டும். ஆனா கல்லுல படுக்க வச்சு தீட்டும்போது பிளேடோட கன்னமும் உரசி வெளுத்துடுது, அதுக்கு கூரை ஒட்டி ரெண்டு பக்கமும் பெயின்டர்கள் ஒட்டற பேப்பர் டேப்பை ஒட்டிட்டு தீட்டுங்க. முடிஞ்சதும் டேப்பை முதுகுப் பக்கமா உரிச்சு எடுத்து, கல் தூளை கழுவி, நல்லா துடைச்சுட்டு, புதுசா திறந்த அந்த கூர் மேல ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைங்க. வணக்கம்.