பெங்குவின்ஸ்: தாத்தா இருக்கிறார், பேரன் இருக்கிறான், அப்பா எங்கே?

வணக்கம் நண்பர்களே. இது 2025 ஆகஸ்ட். ஐஸ் ஹாக்கி ஆட்டமே இல்லாத மாதம். ஆனால் வட அமெரிக்காவின் NHL லீகில் ஆடும் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் ரசிகர்களைப் போய்ப் பாருங்கள், கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகள் நடக்கும் நேரத்தில்கூட இவ்வளவு சண்டை நடந்திருக்காது. "கேப்டன் கிராஸ்பியை டிரேட் செய்துவிட்டு (வேறு அணிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு) எல்லாவற்றையும் கலைத்து முதலிலிருந்து கட்டு" என்கிறது ஒரு கட்சி. "அந்த மூன்று பேரும் இருக்கும்வரை ஜெயிக்கப் பார், அதற்கு எதைக் கொடுத்தாலும் தப்பில்லை" என்கிறது இன்னொரு கட்சி. நான் இரண்டிலும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் பார்க்க வந்தவர்களுக்காக ஒரு நிமிடம். அந்த மூன்று பேர் சிட்னி கிராஸ்பி, எவ்கெனி மால்கின், கிரிஸ் லெடாங். கிராஸ்பிக்கு இந்த மாதம் 38 வயது நிறைந்தது. மால்கினுக்குப் போன மாதக் கடைசியில் 39. லெடாங்குக்கு ஏப்ரலிலேயே 38 ஆகிவிட்டது. 2006-07 சீசனிலிருந்து மூவரும் ஒரே அணியில். வரப்போவது சேர்ந்து ஆடும் 20ஆவது சீசன். வட அமெரிக்காவின் பெரிய லீகுகளில், எந்த விளையாட்டிலும், மூன்று பேர் இவ்வளவு காலம் ஒரே சட்டையில் ஆடியதில்லை. 2009, 2016, 2017 என்று மூன்று ஸ்டான்லி கோப்பை, அதாவது லீகின் சாம்பியன் பட்டம். 2007 முதல் 2022 வரை தொடர்ந்து 16 முறை பிளேஆஃப். அதற்குப் பிறகு மூன்று வருடம் வரிசையாக வெளியே.

உடனே எல்லோரும் சொல்வது, "வயசாகிவிட்டது, அவ்வளவுதான்." இதைத்தான் நான் ஏற்கவில்லை.

போன சீசனில் கிராஸ்பி 33 கோல், 58 அசிஸ்ட், மொத்தம் 91 பாயிண்ட் (ஆட்டக்காரர் கணக்கில் கோலும் அசிஸ்டும் சேர்ந்ததுதான் பாயிண்ட்). அணியில் அவர்தான் முதலிடம். ஆட்டத்துக்குச் சராசரி ஒரு பாயிண்டாவது எடுத்த சீசன்கள் என்ற கணக்கில் ஜாம்பவான் வெய்ன் கிரெட்ஸ்கி 19 வைத்திருந்தார். கிராஸ்பி 20 ஆக்கிவிட்டார், ஆடிய ஒரு சீசனில்கூடத் தவறவில்லை. பிப்ரவரியில் கனடாவுக்குக் கேப்டனாக நின்று நான்கு நாடுகள் போட்டியையும் ஜெயித்துக் கொடுத்தார். அதே அணியில் ரிக்கார்ட் ராக்கெல் 35 கோல், பிரையன் ரஸ்ட் 31 கோல். இருவரும் 30ஐத் தாண்டியவர்கள். மால்கினிடம் வயது தெரிகிறது, மறுக்க மாட்டேன். கால் வேகம் குறைந்திருக்கிறது, பக்கை, அதாவது ஆடும் வட்டைத் தேவையில்லாமல் இழக்கிறார். இருந்தும் 68 ஆட்டத்தில் 50 பாயிண்ட். ஒரு இரண்டாவது வரிசை சென்டருக்கு அது மோசமே இல்லை.

முன்வரிசையில் கிழவர்கள் இவ்வளவு கோல் அடித்தும் அணி புள்ளிப் பட்டியலில் எடுத்தது 80 பாயிண்ட்தான். பிளேஆஃபுக்குப் பக்கத்தில்கூட இல்லை. அடித்த கோல் போதவில்லை என்பதல்ல குறை. விட்ட கோல்தான் குறை. பின்வரிசை தாங்கவில்லை. கோல்கீப்பர் டிரிஸ்டன் ஜாரியை ஜனவரியில் வெய்வர்ஸில், அதாவது எந்த அணி வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்ற பட்டியலில் போட்டார்கள், மற்ற 31 அணிகளில் ஒன்றுகூட அவரை எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து வருட ஒப்பந்தத்தில் வருடத்துக்கு 53.75 லட்சம் டாலர் வாங்குகிற ஆளை!

ஒரு வீட்டில் தாத்தா இருக்கிறார், பேரன் இருக்கிறான், நடுவில் சம்பாதிக்கிற அப்பா இல்லை என்றால் எப்படியிருக்கும்? இந்த அணி அப்படித்தான் இருக்கிறது. 23லிருந்து 28 வயது வரை உள்ள நல்ல ஆட்டக்காரர்கள்தான் எந்த அணிக்கும் முதுகெலும்பு. கால் வேகமும் இருக்கும், அனுபவமும் வந்திருக்கும், சம்பளமும் இன்னும் உச்சத்துக்குப் போயிருக்காது. அணியின் மொத்தச் சம்பளத்துக்கு வரம்பு உள்ள லீகில் அந்த மூன்றாவது விஷயம்தான் தங்கம். பிட்ஸ்பர்க்கில் அந்த வயதில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஆளே இல்லை. எங்கே போனார்கள்? வரவே இல்லை. வருடாவருடம் இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எடுக்கவே இல்லை.

வேறு அணி ஆட்டக்காரர்களை வாங்குவதற்காகக் கொடுத்த முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகளை மட்டும் எண்ணிப் பார்ப்போம். 2013இல் ஜரோம் இகின்லாவுக்காகக் கொடுத்தார்கள். 2015இல் டேவிட் பெரானுக்காக. 2016இல் ஃபில் கெசலுக்காக. 2017இல் ரயன் ரீவ்ஸுக்காகக் கடைசி இடத்து உரிமை போனது. 2018இல் டெரிக் பிராசார்டுக்காக. 2020இல் காஸ்பெரி காபனென். 2021இல் ஜேசன் ஸக்கர். 2024இல் எரிக் கார்ல்சன் டிரேடில் போனது. 12 வருடத்தில் எட்டு முறை!

இதில் 2015 எனக்கு இன்னும் வலிக்கிறது. பெரானுக்காக எட்மண்டனுக்குக் கொடுத்த அந்த உரிமை கைமாறி நியூயார்க் ஐலண்டர்ஸிடம் போய், அதில் அவர்கள் எடுத்தது மாத்யூ பார்சால். அதே ஐலண்டர்ஸ் 2019 பிளேஆஃபில் நம்மை நான்குக்குப் பூஜ்யம் என்று அனுப்பினார்கள். 2021இல் மறுபடியும் அவர்களே அனுப்பினார்கள். இரண்டு முறையும் எதிரே பார்சால்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். கெசல் டிரேடை நான் குறை சொல்லவே மாட்டேன். கெசல் இல்லாமல் 2016 இல்லை, 2017 இல்லை. அடுத்தடுத்து இரண்டு கோப்பை கிடைக்கும் என்றால் எந்த ரசிகரும் இரண்டு முதல் சுற்று உரிமையைச் சந்தோஷமாகக் கொடுப்பார். கோப்பை கையில் இருக்கிற அணி எதிர்காலத்தை அடகு வைப்பது தப்பே இல்லை.

தப்பு 2018க்குப் பிறகு நடந்தது. அந்த வருடம் பிலடெல்பியாவை முதல் சுற்றில் ஜெயித்ததோடு சரி. அதற்கப்புறம் இந்த அணி ஒரு பிளேஆஃப் தொடரைக்கூட வெல்லவில்லை. ஐலண்டர்ஸ், மாண்ட்ரியால், மறுபடியும் ஐலண்டர்ஸ், 2022இல் மூன்றுக்கு ஒன்று என்று முன்னிலையில் இருந்தும் ரேஞ்சர்ஸிடம் தோல்வி. ஆனால் நிர்வாகம் இன்னும் 2016இலேயே இருப்பதாக நினைத்துச் செலவு செய்துகொண்டே போனது. காபனென் கதையைக் கேளுங்கள். 2014இல் முதல் சுற்றில் நாமே எடுத்த பையன். கெசலுக்காக டொரண்டோவுக்குக் கொடுத்தோம். 2020இல் அதே ஆளை, 15ஆவது இடத்து முதல் சுற்று உரிமையைக் கொடுத்துத் திரும்ப வாங்கினோம். 2023 பிப்ரவரியில் வெய்வர்ஸில் விட்டோம், செயின்ட் லூயிஸ் சும்மா எடுத்துக்கொண்டு போனது. ஒரே ஆளுக்காக இரண்டு முதல் சுற்று உரிமை, முடிவில் கையில் எதுவும் இல்லை.

அந்த 2023 ஏப்ரலை மறக்க முடியாது. மீதமிருந்த இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்தால் போதும் என்ற நிலை. அதில் ஒன்று, லீகின் அடிமட்டத்தில் கிடந்த சிகாகோவுடன், சொந்த மைதானத்தில். ஐந்துக்கு இரண்டு என்று தோற்றார்கள். 91 பாயிண்டோடு நாம் வெளியே, 92 பாயிண்டோடு ஃப்ளோரிடா உள்ளே. அந்த ஃப்ளோரிடா இறுதிப்போட்டி வரைக்கும் போனது. 2024இலும், இந்த வருடமும் கோப்பையே அவர்களுடையது. ஒரு பாயிண்ட் இங்கே வந்திருந்தால் நாம் கோப்பை வாங்கியிருப்போம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு பாயிண்ட்தான் "இன்னும் கொஞ்சம் சேர்த்தால் போதும்" என்ற நினைப்பை நிர்வாகத்துக்குக் கொடுத்தது என்று நம்புகிறேன். அந்தக் கோடையில்தான் அணி நிர்வாகத்தின் தலைவராகப் புதிதாக வந்த கைல் டூபஸ், 101 பாயிண்ட் எடுத்து, சிறந்த பின்வரிசை ஆட்டக்காரருக்கான நாரிஸ் விருது வாங்கிய கார்ல்சனைக் கொண்டுவந்தார். நம் கணக்கில் வருடத்துக்கு ஒரு கோடி டாலர். கிராஸ்பி, மால்கின், லெடாங், கார்ல்சன், கென்ட்செல் எல்லோரும் பவர்பிளேயில், அதாவது எதிரணிக்கு ஆள் குறைவாக இருக்கும் நேரத்தில். அந்த சீசனில் பவர்பிளே லீகின் அடிமட்டம். பார்க்கவே மனசு கேட்கவில்லை.

அப்புறம் 2024 மார்ச். ஜேக் கென்ட்செல் கரோலினாவுக்குப் போனார். 2017இல் அறிமுகப் பையனாக வந்து பிளேஆஃபில் 13 கோல் அடித்தவர், கிராஸ்பியின் இடது கை. அழுத ரசிகர்களைப் பார்த்தேன். ஆனால் முடிவெடுத்த அந்த நாளிலிருந்துதான் அணி சரியான திசையில் திரும்பியது. அந்த டிரேடில் வந்த வில்லே கோய்வுனென் இப்போது 22 வயது. போன சீசன் கடைசியில் எட்டு ஆட்டம் கிடைத்தது, 7 அசிஸ்ட் எடுத்தார்.

இப்போது "கலைத்துவிடு" கட்சிக்கு வருகிறேன். அவர்கள் சொல்வது, கடைசி இடத்துக்குப் போ, 2026 டிராஃப்டில் கேவின் மெக்கென்னாவை எடு. 1984இல் நம் ஜாம்பவான் மாரியோ லெமியூ அப்படித்தானே வந்தார் என்கிறார்கள். 1984இல் குலுக்கலே கிடையாது, கடைசி இடம் என்றால் முதல் ஆள் உங்களுக்குத்தான். இன்றைக்குக் கடைசி இடத்தில் முடித்தாலும் முதல் உரிமை கிடைக்க 25.5 சதவீதம்தான் வாய்ப்பு. இந்த மே மாதம் ஐலண்டர்ஸ் 3.5 சதவீதத்தில் ஜெயித்தார்கள். அப்படியே கிடைத்தாலும், சிகாகோவைப் பாருங்கள். பேட்ரிக் கேனை அனுப்பினார்கள், ஜானதன் டேவ்ஸை விட்டார்கள், 2023 டிராஃப்டின் முதல் ஆளாகக் கானர் பெடார்ட் கிடைத்தார். அதற்குப் பிறகு இரண்டு சீசன், இரண்டிலும் கடைசிக்கு முந்தின இடம். டெட்ராய்ட் 25 வருடம் தொடர்ந்து பிளேஆஃப் ஆடிய அணி. 2016க்குப் பிறகு இன்னும் உள்ளே வரவில்லை. கலைப்பது ஒரு நாள் வேலை, கட்டுவதற்குக் காலக்கெடு யாரும் தர மாட்டார்கள்.

எனக்குப் பிடித்த உதாரணம் வாஷிங்டன். நம் பரம எதிரியைப் புகழ மனசு வரவில்லைதான். ஆனாலும் சொல்ல வேண்டும். 2023இல் அவர்களும் வெளியேதான் இருந்தார்கள். அலெக்ஸ் ஒவெச்கினை வைத்துக்கொண்டே நடு வயது ஆட்களை ஒவ்வொருவராக மாற்றினார்கள். டிலன் ஸ்ட்ரோம், ஜேக்கப் சிக்ரன், பியர்-லுக் டுபுவா, கோல்கீப்பர் லோகன் தாம்சன். போன சீசனில் 111 பாயிண்டோடு கிழக்கில் முதலிடம். ஒவெச்கினும் 39 வயதில் 895ஆவது கோலை அடித்து கிரெட்ஸ்கியைத் தாண்டினார். பழைய நாயகனை அனுப்பாமலும் வீட்டைப் பழுதுபார்க்க முடியும்.

டூபஸ் இப்போது செய்வது கிட்டத்தட்ட அதுதான், மெதுவாக. சம்பள வரம்பு 8.8 கோடி டாலரிலிருந்து இந்த சீசனில் 9.55 கோடி, அடுத்த சீசனில் 10.4 கோடி. மற்ற அணிகள் இடம் இல்லாமல் தவிக்கும்போது அவர்களுடைய சுமையை வாங்கிக்கொண்டு, கூடவே டிராஃப்ட் உரிமையையும் கேட்கிறார். கெவின் ஹேஸ் அப்படித்தான் ஒரு இரண்டாம் சுற்று உரிமையோடு வந்தார், இந்தக் கோடையில் மேட் டும்பாவும். ஜூன் டிராஃப்டில் முதல் சுற்றில் மட்டும் மூன்று பையன்கள்: பென் கிண்டல், பில் ஸோனன், வில் ஹோர்காஃப். இந்த அணி முதல் சுற்றில் மூன்று பேரை எடுக்கிற நாள் வரும் என்று ஐந்து வருடத்துக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். பத்து வருடமாக இருந்த கோச் மைக் சல்லிவன் ஏப்ரலில் போய் ரேஞ்சர்ஸில் சேர்ந்தார். அங்கே உதவிக் கோச்சாக இருந்த டேன் மியூஸ் இங்கே வந்தார். இளைஞர்களை வளர்த்துப் பழகியவர் அவர், இந்த நேரத்துக்குச் சரியான ஆள்.

கிராஸ்பி விஷயத்தில் என் நிலை இதுதான். அவர் சம்மதம் இல்லாமல் அவரை நகர்த்த ஒப்பந்தம் இடம் கொடுக்காது. போன செப்டம்பரில் வருடத்துக்கு வெறும் 87 லட்சம் டாலருக்கு இரண்டு வருடம் கையெழுத்துப் போட்டவர். சந்தையில் போயிருந்தால் அதைவிட எவ்வளவோ அதிகம் கிடைத்திருக்கும். அணிக்காக விட்டுக்கொடுத்தவரிடம் "கிளம்பு" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவரே போக வேண்டும் என்று கேட்டால், அன்றைக்கு நான் மாண்ட்ரியாலோ கொலராடோவோ, எங்கே போனாலும் அவருக்காகக் கத்துவேன்.

விற்க வேண்டியது ராக்கெலை. 32 வயதில் வாழ்க்கையிலேயே அதிகமான 35 கோல், இன்னும் மூன்று வருடம் 50 லட்சம் டாலர் ஒப்பந்தம். இதைவிட நல்ல விலை இனி வராது. ரஸ்டை வைத்துக்கொள்ளலாம் என்பேன். இரண்டு கோப்பை அணியிலும் இருந்து இன்னும் இங்கே நிற்பவர்களில் அந்த மூவரைத் தவிர அவர் மட்டும்தான். பையன்களுக்குத் தினமும் உழைப்பது எப்படி என்று காட்ட ஒருவர் வேண்டும். மால்கினுக்கு இது ஒப்பந்தத்தின் கடைசி வருடம். முழுசாக ஆடட்டும், மார்ச்சில் அவரே ஒரு கோப்பை வாய்ப்பைத் தேடிப் போக விரும்பினால் மரியாதையோடு அனுப்ப வேண்டும்.

பயிற்சி முகாமில் நான் பார்க்கப் போவது கோய்வுனென், 21 வயது ரட்கர் மெக்ரோர்ட்டி, கோல்கீப்பர் செர்கேய் முராஷோவ். கிண்டலுக்கு 18தான், அவசரம் வேண்டாம். கோய்வுனெனும் மெக்ரோர்ட்டியும் அக்டோபரில் கிராஸ்பி, மால்கின் பக்கத்தில் ஆட வேண்டும். ஒரு வருட ஒப்பந்தத்தில் வந்த வெளி ஆட்களுக்காக அவர்களை நம் இரண்டாம் நிலை அணியான வில்க்ஸ்-பேருக்குத் திருப்பி அனுப்பினால் எனக்குக் கோபம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கிராஸ்பியோடு ஒரே வரிசையில் ஆடி அவரிடம் கற்றுக்கொள்ள அந்தப் பையன்களுக்கு அதிகம் போனால் இரண்டு சீசன் இருக்கிறது.

ஜாரியா, புதிதாக வந்த ஆர்ட்டர்ஸ் சிலோவ்ஸா என்ற கோல்கீப்பர் பிரச்சனை தனி வீடியோ அளவுக்குப் பெரியது. அடுத்த வாரம் அதைப் பேசுவோம்.