கடலுக்கு விட்டுக்கொடுத்த கரை

நேயர்களுக்கு வணக்கம்.

பிரான்சின் தெற்கே ஆர்ல் என்று ஒரு பழைய ஊர். அதற்குச் சற்று மேலே ரோன் ஆறு இரண்டாகப் பிரிகிறது. கிழக்கே போவது பெரிய ரோன், மேற்கே போவது சின்ன ரோன். இரண்டும் மத்தியதரைக் கடலில் போய் விழும்வரை நடுவில் கிடக்கிற முக்கோண நிலம்தான் கமார்க். 1970இல் இதை வட்டார இயற்கைப் பூங்கா என்று அறிவித்தார்கள். 1977இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகங்களின் பட்டியலிலும் சேர்ந்தது.

முக்கோணத்தின் அடிப்பக்கம் முழுக்கக் கடற்கரை. மேற்கு மூலையில் இருக்கும் சுற்றுலா ஊரைத் தாண்டிவிட்டால், கட்டடம் என்று சொல்ல ஒன்றிரண்டு கலங்கரை விளக்கங்கள்தான். இதே கடலோரத்தில் கிழக்கே போனால் விடுதிகள் நெருங்கி நிற்கும் கான், நீஸ் நகரங்கள். மேற்கே போனால் லா கிராந்த் மோத், 1960களில் அரசே திட்டம் போட்டு எழுப்பத் தொடங்கிய விடுதி நகரம். நடுவில் இந்தக் கரை மட்டும் எப்படித் தப்பியது? "மனிதக் கை படாத கடற்கரை" என்று விளம்பரத்தில் போடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இவ்வளவு கை பட்ட கடற்கரையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போகிற வழியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்லிலிருந்து தெற்கே இறங்கும் சாலையின் இரு பக்கமும் நெல் வயல். ஐரோப்பாவில் நெல்லைப் பார்த்தால் நமக்கு ஒரு சந்தோஷம் வரத்தான் செய்கிறது. ஆனால் அந்த நெல்லுக்குப் பின்னால் இருக்கும் கதை சந்தோஷமானதல்ல. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய நேரத்தில், ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை செய்ய இந்தோசீனாவிலிருந்து சுமார் 20,000 பேரைப் பிரெஞ்சு அரசு கப்பலேற்றிக் கொண்டுவந்தது. பெரும்பாலானவர்கள் விரும்பி வந்தவர்கள் இல்லை. 1940இல் பிரான்ஸ் தோற்றதும் அவர்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு பகுதியினரைக் கமார்க்குக்கு அனுப்பினார்கள். அதற்கு முன்பும் அங்கே அரைகுறையாக நெல் பயிரிட்டதுண்டு. அதை ஒழுங்கான விவசாயமாக ஆக்கியது இந்த வியட்நாமியர்களின் கைதான். அவர்களுக்கு நினைவுச் சின்னம் வைக்க 2014 ஆகிவிட்டது.

இங்கே நெல்லுக்குச் சோறு போடுவதைத் தாண்டி இன்னொரு வேலையும் உண்டு. தரைக்கு அடியில் இருப்பது உப்புத் தண்ணீர். ரோனிலிருந்து இறைத்து வயலில் தேக்கும் நன்னீர்தான் அந்த உப்பு மேலே வராமல் அழுத்தி வைக்கிறது. இறைப்பதை நிறுத்தினால் வயல் மெல்ல மெல்ல உமரிக் காடாக மாறிவிடும்.

சாலையில் கடைசியாக வரும் ஊர் சலான் த ஜிரோ. உப்புக்காகவே 19ஆம் நூற்றாண்டில் உருவான ஊர். ஒரு பக்கம் உப்பளக் கம்பெனி, இன்னொரு பக்கம் பெல்ஜியத்திலிருந்து வந்த சோல்வே சோடா ஆலை. தொழிலாளர்களுக்கு வரிசை வரிசையாகச் செங்கல் வீடு கட்டிக் கொடுத்தார்கள். வடக்கே ஏதோ சுரங்க ஊருக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். அங்கிருந்து நேராகத் தெற்கே போகும் சாலை மணலில் போய் முடிகிறது. அதுதான் பியமான்சோன் கடற்கரை.

முதலில் கண்ணில் படுவது மரம். நிற்கும் மரம் இல்லை, கிடக்கும் மரம். ரோனில் வெள்ளம் வரும்போதெல்லாம் வேரோடு அடித்துக்கொண்டு வந்ததைக் கடல் திருப்பிக் கரையில் போட்டிருக்கிறது. வெயிலிலும் உப்பிலும் பட்டை உரிந்து எலும்பாய் வெளுத்திருக்கும். அப்புறம் காற்று. மத்தியதரைக் கடலில் ஏற்றவற்றம் மிகவும் குறைவு, சாதாரணமாக ஒரு முழம்கூட இருக்காது. ஆகவே தண்ணீர் எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது காற்றுதான். மிஸ்ட்ரல் என்னும் வடக்குக் காற்று அடித்தால் கடல் பின்வாங்கும், கடற்கரை அகலமாகும், மணல் கணுக்காலில் ஊசி குத்தும். தென்கிழக்குக் காற்று பலமாக அடித்தால் நேற்று நீங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் இன்று தண்ணீர் நிற்கும்.

அலையில் ஒருவர் பின்னோக்கி நடந்துகொண்டிருப்பதைப் பார்த்தால் பயப்பட வேண்டாம். இடுப்பில் பட்டை கட்டி, மணலுக்குள் இருக்கும் சின்ன மட்டியை வலைபோட்ட கருவியால் சீய்த்து எடுக்கிறார். தெல்லீன் என்பார்கள். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பூண்டும் பார்ஸ்லி இலையும் போட்டு வதக்கித் தருவார்கள். சாப்பிட்டு முடித்தால் தட்டில் ஓடு மலையாகக் குவிந்திருக்கும், வயிறு மட்டும் நிறைந்திருக்காது.

சரி, இந்தக் கரை எப்படி இப்படி ஆனது?

19ஆம் நூற்றாண்டில் ஆற்றின் கரைகளை உயர்த்தி, 1859இல் கடல் பக்கமும் ஒரு நீளமான மண்கரை போட்டார்கள். மேலிருந்து ஆறு, கீழிருந்து கடல், இரண்டையும் வெளியே நிறுத்தியாகிவிட்டது. தென்கிழக்கில் இருந்த காயல்களை உப்பளக் கம்பெனி பாத்தி பாத்தியாக வெட்டியது. பாத்திகளைக் காப்பாற்றக் கடலோரமாக இன்னும் கரை, கல் அணை. ஆனால் கரை கட்டினால் மட்டும் போதாது. டெல்டா உயிரோடு இருக்க ஆறு மண் கொண்டுவர வேண்டும். மேலே அணைகள் வந்த பிறகு ரோன் கொண்டுவரும் மண் வெகுவாகக் குறைந்துவிட்டது. அணைகள் வருமுன்னரே கடல் ஓர் இடத்தில் அரித்து, அந்த மணலை இன்னோர் இடத்தில் சேர்த்துக்கொண்டுதான் இருந்தது. ஃபராமனில் இருந்த பழைய கலங்கரை விளக்கம் 1917இல் கடலுக்குள் போனது. அங்கே போன மணல் மேற்கே போதுக் என்ற இடத்தில் முனையாக வளர்ந்துகொண்டே இருக்கிறது.

உப்பு வியாபாரம் படுத்த பிறகு கம்பெனி நிலத்தை விற்க முன்வந்தது. 2008 முதல் 2012 வரை சுமார் 6,500 ஹெக்டேரைக் கடலோரப் பாதுகாப்பு நிறுவனம் வாங்கியது. 1975இல் பிரெஞ்சு அரசு ஏற்படுத்திய அமைப்பு அது. கடலோர நிலத்தை வாங்கி, இனி யாரும் கட்டடம் எழுப்ப முடியாதபடி வைத்துக்கொள்வதே அதன் வேலை. வாங்கியதும் அவர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள்: பாத்திகளைக் காக்கக் கடலோரமாகக் கம்பெனி கட்டிய முன்கரையை இனிப் பழுதுபார்ப்பதில்லை. உடைந்தால் உடையட்டும், 1859இல் போட்ட உள்கரை ஊரைக் காக்கும். அதேபோல் புயல்கள் வந்தன, கரை உடைந்தது, கடல் பழைய பாத்திகளுக்குள் வந்தது. மணல்மேடுகள் தாமாக எழுகின்றன, மீன் குஞ்சுகள் காயலுக்குள் போய் வருகின்றன.

என் கணக்கில் அது சரியான முடிவு. கடலோடு மல்லுக்கட்டக் கல்லும் பணமும் கொட்டிக்கொண்டே இருக்க முடியாது. ஆனால் சலான் த ஜிரோவில் பேசிப் பாருங்கள். மூன்று தலைமுறை உப்பில் வேலை பார்த்த குடும்பங்கள். தாத்தா கட்டிக் காத்த கரையை வேண்டுமென்றே உடையவிடுவதை அவர்கள் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டார்கள். அந்தக் கோபத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமில்லை.

பறவைகளுக்கும் இதில் விலை உண்டு. கோடியக்கரைக்கு வருகிற அதே பெரிய பூநாரைதான் கமார்க்கின் அடையாளம். கூடு கட்ட இடமில்லாமல் தவித்த அவற்றுக்காக 1970இல் ஃபாங்காசியே என்ற உப்பளக் காயலுக்கு நடுவே ஒரு தீவையே மண்ணால் செய்து வைத்தார்கள். 1974இல் அவை குடியேறின. தீவைச் சுற்றித் தண்ணீர் நின்றது கம்பெனியின் பம்பு ஓடியதால். உப்பு நின்றது, பம்பு நின்றது, தண்ணீரும் நிலையாக நிற்கவில்லை. பூநாரைகள் மேற்கே, இன்னும் உப்பு விளையும் எக்மோர்த் அளங்களுக்குக் கூட்டை மாற்றிக்கொண்டன.

மனிதர்களில் வெளியேறியவர்கள் உப்பளத்தார் மட்டுமல்ல. போதுக்கில் மீனவர்களும் ஏழைக் குடும்பங்களும் பலகை, தகரம், பழைய பேருந்து என்று கிடைத்ததை வைத்துக் குடிசை போட்டிருந்தார்கள். 2004இல் பல குடிசைகளை இடித்தார்கள். பியமான்சோனில் கோடை முழுக்கக் கேரவன்களில் வந்து இலவசமாகத் தங்கும் பழக்கம் பல பத்தாண்டுகள் இருந்தது. விடுதிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களுக்கு அதுதான் கடல். 2016இலிருந்து அதுவும் தடை. குப்பை, கழிவு, மிதிபட்ட மணல்மேடு எல்லாம் உண்மைதான். இருந்தாலும் அந்த இடத்தை ஐம்பது வருஷம் நேசித்தவர்களை அனுப்பிவிட்டு, ஒரு நாள் வந்துபோகும் என்னைப் போன்றவனை வரவேற்பதில் ஏதோ இடிக்கிறது.

நீங்கள் போவதானால் செப்டம்பரில் போங்கள். தண்ணீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும், நிழல் என்ற பேச்சே கிடையாது. வசந்தத்தில் கயிறு கட்டிய பகுதிக்குள் கால் வைக்காதீர்கள். உப்புக்கொத்தியும் சிறிய ஆலாவும் வெறும் மணலில்தான் முட்டையிடும், காலடியில் இருந்தாலும் தெரியாது. போதுக்குக்குப் போகும் பாதை குண்டும் குழியுமானது, வாடகைக் காரைக் கொண்டுபோவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

கொசு உண்டு, நிறைய உண்டு. 2006இல் சலான் த ஜிரோ பக்கத்துச் சதுப்புகளில் கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்தைத் தெளிக்கத் தொடங்கினார்கள். கமார்க்கிலேயே இருக்கும் தூர் து வலா ஆய்வு நிலையத்தார் தகைவிலான் கூடுகளைக் கவனித்து, மருந்து தெளித்த இடங்களில் குஞ்சுகள் குறைவாகத் தேறுவதைக் காட்டினார்கள். தெளிக்க வேண்டும் என்று ஊரார், கூடாது என்று ஆய்வாளர்கள். பூங்காவின் பெரும்பகுதியில் தெளிக்காமலே விட்டிருந்தார்கள். ஆகவே அங்கே உங்களைக் கடிக்கும் கொசுவும் கூட்டம் போட்டுப் பேசி விட்டுவைத்த கொசுதான். முழுக்கைச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.