மஞ்சளும் மாவும் போதும்

(ஓர் அங்கன்வாடி மையத்தில், பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். வாசலிலேயே நிற்கிற அப்பாக்கள் உள்ளே வந்து பாயில் உட்காருங்கள். இது அம்மாக்களுக்கு மட்டும் சொல்லுகிற விஷயம் இல்லை.

"கை கழுவலேன்னா கிருமி கடிச்சிரும்" என்று பிள்ளைகளை மிரட்டுகிறோம். ஒருநாள் அவன் கழுவாத கையோடு முறுக்கைத் தின்பான். ஒன்றும் கடிக்காது. அன்றோடு நம் பேச்சு பொய்யாகிவிடும். மூன்று நான்கு வயதில் கண்ணால் பார்த்ததும் கையால் தொட்டதும்தான் உண்மை. பெரியவர்கள் மட்டும் என்ன? 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணத்தை அறுத்துவிட்டு அப்படியே பிரசவம் பார்க்க வந்த மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். அந்த வார்டில் 100க்கு 18 தாய்மார் வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, சில மாதங்களில் 2 பேர் அளவுக்குக் குறைந்தது. அப்படியும் பெரிய பெரிய டாக்டர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. கையில் என்னதான் ஒட்டியிருக்கிறது என்று அவராலும் காட்ட முடியவில்லையே! படித்தவர்களுக்கே அந்தப் பாடு என்றால், பால்வாடிப் பிள்ளையைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

நாம் காட்டிவிடலாம். கொஞ்சம் அரிசி மாவை எடுத்துப் பிள்ளையின் உள்ளங்கையில் தடவிவிடுங்கள். கலர் கோலப்பொடி வேண்டாம், வாயில் போய்விடும். "இதுதான் கிருமின்னு வச்சுக்கோ, இப்போ போய் விளையாடு" என்று விட்டுவிடுங்கள். பத்து நிமிஷம் கழித்து இரண்டு பேருமாகத் தேடிப் போங்கள். கதவுப் பிடியில் வெள்ளை, ரிமோட்டில் வெள்ளை, தங்கச்சியின் தலையில் வெள்ளை. கடைசியாகக் கண்ணாடி முன்னால் நிறுத்துங்கள். மூக்கிலும் உதட்டோரத்திலும் மாவு இருக்கும். எப்போது முகத்தைத் தொட்டோம் என்று அவனுக்கே தெரியாது. நமக்கும்தான் தெரியாது; பெரியவர்களும் செய்து பாருங்கள்.

அடுத்தது மஞ்சள். ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் குழைத்துக் கையெங்கும் பூசி, முதலில் வெறும் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், எண்ணெய் அங்கேயே இருக்கும். பிறகு சோப்புக்கட்டியைக் கொடுங்கள். நுரை சிவப்பாகும். புடவையில் மஞ்சள் கறையைச் சோப்புப் போட்டுத் துவைத்தவர்களுக்கு இது புதிதில்லை, சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். ரத்தம் என்று பிள்ளை பயந்துவிடாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒன்றிலிருந்து இருபது வரை மெதுவாக எண்ணிக்கொண்டே தேய்க்கட்டும். நடுவில் பதின்மூன்றை விட்டுவிட்டால் பரவாயில்லை. கழுவி முடித்ததும் கையைப் புரட்டிப் பாருங்கள். உள்ளங்கையில் லேசான சாயம்தான் மிச்சமிருக்கும். கட்டைவிரலின் பின்பக்கம், விரலிடுக்கு, நகக்கண் இங்கெல்லாம் மஞ்சள் அப்படியே அப்பிக்கொண்டிருக்கும். தினமும் நாம் விட்டுவிடுகிற இடங்கள் அவைதான்.

யூடியூபில் மிளகுத்தூள் வித்தை ஒன்று சுற்றுகிறது. தட்டுத் தண்ணீரில் மிளகுத்தூளைத் தூவி, சோப்பு தொட்ட விரலை வைத்தால் தூள் பறந்து விலகும். பார்க்க ஜோர்தான், ஆனால் எனக்கு அது பிடிக்காது. சோப்பு பட்டதும் தண்ணீரின் மேல்பரப்பு இழுவிசை அந்த இடத்தில் தளர்கிறது, அதனால் தூள் ஓரத்துக்குப் போகிறது. சோப்பைக் கண்டு கிருமி ஓடுகிறது என்று பிள்ளை நினைத்துக்கொள்வான். அப்புறம் விரல் நுனியில் சோப்பைத் தொட்டுக்கொண்டு வந்துவிடுவான். கிருமி ஓடாது. எண்ணெயோடும் அழுக்கோடும் சேர்த்துத் தேய்த்துக் கழற்றி, தண்ணீரில் அடித்துக்கொண்டு போகவிட வேண்டும்.

நகக்கண் என்றதும் கீரிப்பூச்சி ஞாபகம் வருகிறது. ராத்திரியில் பிள்ளை பின்பக்கத்தைச் சொறிந்துகொண்டே புரளும். அப்போது முட்டை நகத்துக்குள் போகும், காலையில் விரல் சூப்பும்போது வாய்க்குள் போகும். பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாள், பூச்சி மாத்திரை கொடுப்பார்கள், வாங்கிக் கொடுங்கள். ஆனால் நகத்தை வெட்டாமல் மாத்திரையை மட்டும் நம்பினால் பூச்சி திரும்ப வரும். இதற்குச் சானிடைசரும் உதவாது, சோப்புதான்.

இவ்வளவும் சொன்னபிறகு, மண்ணைத் தொட்டாலே அழுகிற பிள்ளையாக ஆக்கிவிடாதீர்கள். கிருமி எல்லாமே கெட்டதில்லை என்று காட்ட நம் அடுப்படியே போதும். காய்ச்சி ஆறவைத்த வெதுவெதுப்பான பாலை இரண்டு டம்ளரில் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் அரை ஸ்பூன் உறை மோர் விடுங்கள், பிள்ளையே விடட்டும். காலையில் ஒன்று தயிராகியிருக்கும், இன்னொன்று பாலாகவே இருக்கும் அல்லது திரிந்து நாறும். "மோர்ல இருந்த நல்ல கிருமி ராத்திரி பூரா வேலை பார்த்துச்சு" என்று சொல்லிப் பாருங்கள், தூங்காத கிருமியைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான்.

இன்னொரு விஷயம், இது வீட்டு ஆண்களுக்கு. குழாய் உங்கள் இடுப்பு உயரத்தில் இருக்கிறது, பிள்ளைக்கு எட்டாது. ஒவ்வொரு தடவையும் தூக்கிவிட ஆள் வேண்டுமென்றால் பாதி நாள் கழுவமாட்டான். ஒரு பலகையோ முக்காலியோ போடுங்கள்; இல்லையென்றால் அடியில் சின்னக் குழாய் வைத்த பிளாஸ்டிக் வாளியை அவன் உயரத்துக்கு வையுங்கள். சோப்புக்கட்டி வழுக்கினால் பாதியாக நறுக்கிக் கொடுங்கள். பழைய காலுறைக்குள் போட்டு முடிச்சிட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிட்டாலும் சரி, கீழே விழாது.

டீச்சர் வெளியே வேப்ப மரத்தடியில் மஞ்சளும் எண்ணெயும் குழைத்து வைத்திருக்கிறார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அப்பாக்களும் கை நீட்ட வேண்டும். நல்ல சட்டை போட்டிருப்பவர்கள் கையை மடித்துவிட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கறை லேசில் போகாது.