அம்பு எந்தப் பக்கம் போக வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம். மூணாறு, தேவிகுளம் மலைப்பகுதியில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியன் நான். காடு, புல்வெளி, பாலைவனம், கடல் என்று பூமியின் சூழ்நிலை மண்டலங்களைப் பற்றிய ஆங்கிலப் பகுதியை நம் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள், எங்கே திணறுகிறார்கள் என்பதைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

நீளமான அறிவியல் சொற்கள்தான் பிள்ளைகளை மிரட்டுகின்றன என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். ஒளிச்சேர்க்கையைக் குறிக்கும் 'போட்டோசிந்தசிஸ்' என்ற சொல்லைப் பிள்ளைகள் ஆசையோடு பிடித்துக்கொள்கிறார்கள். சொல்லிப் பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை. தடுக்கிவிடுபவை சின்னஞ்சிறு சொற்கள். வரையாட்டைச் சிறுத்தை வேட்டையாடுகிறது என்பதை ஆங்கிலப் புத்தகம், 'த தார் இஸ் ஹன்டட் பை த லெப்பர்ட்' என்று எழுதுகிறது. வரையாடு, வேட்டை, சிறுத்தை என்று மூன்று சொற்களையும் வரிசையாகப் பொறுக்கிக்கொண்ட பிள்ளை, 'வரையாடு சிறுத்தையை வேட்டையாடுகிறது' என்று பதில் எழுதிவிடுகிறது. நடுவில் இருந்த 'இஸ்', 'பை' இரண்டும் கண்ணில் படவே இல்லை.

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இலக்கணப் பிழை அல்ல. இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் பக்கத்து எஸ்டேட்டின் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, பாறைச் சரிவில் வரையாட்டுக் கூட்டம் மேய்வதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அது. ஆடு சிறுத்தையை வேட்டையாடாது என்று அதற்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் எழுதுகிறது. ஆங்கில வகுப்புக்குள் வரும்போது தனக்குத் தெரிந்ததையெல்லாம் வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்று அது பழகியிருக்கிறது. இந்தப் பழக்கத்தை உடைப்பதுதான் என் முதல் வேலை என்று நான் நினைக்கிறேன்.

உணவுச் சங்கிலிப் படத்திலும் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. ஆடு புல்லைத் தின்கிறது. ஆகவே ஆட்டிலிருந்து புல்லுக்கு அம்பு போடுகிறார்கள் பிள்ளைகள். பாடநூலில் அம்பு புல்லிலிருந்து ஆட்டை நோக்கிப் போகிறது. அந்த அம்பு காட்டுவது ஆற்றல் போகும் திசையை. வெயிலில் புல் சேர்த்துவைத்த ஆற்றல் ஆட்டுக்குப் போகிறது, ஆட்டிடமிருந்து சிறுத்தைக்கோ செந்நாய்க்கோ போகிறது. இதைச் சொல்லிவிட்டு, அதே 'பை' அமைப்பில் ஒரு வாக்கியத்தைப் பலகையில் எழுதுவேன். 'த கிராஸ் இஸ் ஈட்டன் பை த தார்'. புல் முதலில், ஆடு கடைசியில். வாக்கியம் போகும் திசையும் அம்பு போகும் திசையும் ஒன்றாகவே இருக்கின்றன. அதன் பிறகு பிள்ளைகள் வாக்கியத்தைப் படித்துவிட்டு அம்பு வரைகிறார்கள். அம்பைப் பார்த்துவிட்டு வாக்கியம் எழுதுகிறார்கள். செயப்பாட்டு வினைக்குத் தனியாக ஒரு பாடம் தேவைப்படுவதில்லை.

படிக்கும் முன் தமிழில் பேச வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தமிழில் பேசினால் ஆங்கிலம் வராது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் வகுப்பில் காண்பது வேறு. மலை மடிப்புகளில் சோலைக்காடும் மேட்டில் வெறும் புல்லும் இருப்பது ஏன் என்று கேட்டால், முதலில் ஒருவரும் பேச மாட்டார்கள். டிசம்பர், ஜனவரியில் தேயிலைக் கொழுந்து கருகுகிறதே, எதனால் என்று கேட்டால் வகுப்பே பதில் சொல்லும். உறைபனி! கொழுந்தைக் கருக்கும் அதே பனி, திறந்த புல்மேட்டில் முளைக்கும் சோலை மரக் கன்றுகளையும் கருக்கிவிடுகிறது. மரங்கள் மடிப்புகளுக்குள் ஒதுங்கி நிற்க அது ஒரு காரணம். இதைத் தாங்களே பேசித் தீர்த்துக்கொண்ட பிள்ளைகளுக்கு, அடுத்துப் படிக்கும் ஆங்கிலப் பத்தியில் 'பிகாஸ்' எதற்கு வந்தது என்று விளக்க வேண்டியிருப்பதில்லை.

நம் பகுதிக்கு இன்னொரு கொடுப்பினை உண்டு. மூணாற்றில் உடுமலைப்பேட்டை பஸ் ஏறி, மறையூரைத் தாண்டிச் சின்னாறு வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் போனால், ஈரச் சோலையில் தொடங்கிய பயணம் முள்காட்டில் முடிகிறது. தென்மேற்குப் பருவமழையின் மேகங்கள் மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிடுகின்றன. மலையைத் தாண்டிக் கீழிறங்கும் காற்று சூடேறி, வறண்டுபோகிறது. 'ரெயின் ஷேடோ' என்று புத்தகம் சொல்லும் மழைமறைவுப் பகுதியைப் பஸ் ஜன்னல் வழியாகவே பார்த்த பிள்ளைகள் இவர்கள். ஆகவே இந்த இரண்டு இடங்களையும் முதலில் படிக்கவைத்துவிட்டுத்தான் தூர தேசத்துக்குப் போகிறேன். பனியும் புல்மேடும் தெரிந்த பிள்ளைக்கு, வடதுருவத்தை ஒட்டிய குளிர்நிலமான துந்திரப் பகுதி பிடிபடுகிறது. அங்கே மண்ணுக்கடியில் ஆண்டு முழுவதும் உறைந்த அடுக்கு இருக்கிறது, கோடையில் மேல்மண் மட்டும் இளகுகிறது, வேர் ஆழமாக இறங்க முடியாததால் மரம் வளர்வதில்லை என்ற மூன்று வரியை, காரண வரிசை கெடாமல் திருப்பிச் சொல்கிறார்கள்.

வகுப்பு சற்று முன்னேறிய பிறகு வட பசிபிக் கடல்நீர்நாயைப் பற்றிய பகுதியைக் கொடுக்கிறேன். நீர்நாய் நம் ஆறுகளிலும் உண்டு என்பதால் பெயரே அந்நியமாக இல்லை. அதன் ரோமத்துக்காக மனிதர்கள் அதை வேட்டையாடிக் குவித்தார்கள். அது தின்றுவந்த கடல்முள்ளெலிகள், அதாவது உடலெங்கும் முள் கொண்ட சிறு கடலுயிர்கள், பெருகின. அவை 'கெல்ப்' என்னும் பெரும் பாசிக்காடுகளை அரித்துத் தின்றன. அந்தக் காடுகளில் ஒதுங்கி வாழ்ந்த மீன்கள் இடமிழந்தன. 1911-இல் நான்கு நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் நீர்நாய்க்கும் பாதுகாப்பு தந்தது. நீர்நாய்கள் திரும்பிவந்த கரைகளில் பாசிக்காடும் மீண்டது.

இந்தப் பகுதியில் வாக்கியங்கள் 'திஸ்' என்று தொடங்கும்போதெல்லாம் பிள்ளைகளை நிறுத்துகிறேன். 'திஸ் லெட் டு', அதாவது 'இது இன்னதற்கு வழிவகுத்தது' என்றால், அந்த 'இது' எது? பக்கத்தில் ஏதாவது ஒரு பொருள் இருக்கிறதா என்றுதான் பிள்ளை தேடும். அது சுட்டுவதோ முந்தைய வாக்கியத்தில் நடந்த நிகழ்ச்சி முழுவதையும். பென்சிலால் அந்த வாக்கியத்தைச் சுற்றி வட்டம் போட்டு, 'திஸ்' வரை ஒரு கோடு இழுக்கச் சொல்கிறேன். பக்கம் முடியும்போது கோடுகளெல்லாம் சேர்ந்து, நீர்நாயிலிருந்து மீன் வரை என்ன நடந்தது என்பது தாளிலேயே தெரிகிறது. 'இட்', 'தே' வரும் இடங்களிலும் இப்படித்தான்.

கொழுந்தெடுத்துவிட்டு வந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, ஆங்கிலம் தெரியாததால் பிள்ளையின் படிப்பில் தலையிட முடியவில்லை என்று நீங்கள் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். உங்களால் முடியும். பிள்ளை ஒரு பத்தியைப் படித்து முடித்ததும், அதைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் 'அதனால்?' என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், அந்த வரியைத் திரும்பவும் படிக்கச் சொல்லுங்கள். காட்டைப் பற்றி, பனியைப் பற்றி, மழையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்லுங்கள். மறுநாள் வகுப்பில் அதை நான் கேட்பேன்.

வணக்கம்.