கல்லூரியில் இடம் இல்லை என்றார்களா? முறையிடலாமா, விட்டுவிடலாமா?

[திரையில்: தரவரிசைப் பட்டியலின் ஒரு பக்கம். ஒரு விரல் வரிசை வரிசையாக இறங்கி ஒரு பெயரில் நிற்கிறது.]

வணக்கம். ஜூலை பிறந்துவிட்டால் தமிழ்நாட்டில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். "நம் பிள்ளையைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கியவனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. இதைச் சும்மா விடக் கூடாது." பக்கத்து வீட்டு மாமா வழக்குப் போடச் சொல்வார். சித்தப்பா தனக்குத் தெரிந்த அதிகாரி ஒருவரின் பெயரைச் சொல்வார். பிள்ளை மட்டும் எதுவும் சொல்லாமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கல்லூரி இடம் கைநழுவிப் போனால் முறையிடுவதா, வேண்டாமா? இதை முடிவு செய்ய இரண்டு கேள்விகள் போதும். தவறு யாருடையது? அதைக் காட்டும் தாள் எது? இந்த இரண்டுக்கும் பதில் கையில் இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். பதில் இல்லாமல் ஆத்திரம் மட்டும் இருந்தால், அந்த ஆத்திரத்தை அடுத்த சுற்றுக் கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலை ஒழுங்காகப் போடுவதில் செலவிடலாம்.

முதலில் அந்தப் பக்கத்து வீட்டுக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

[திரையில்: இரண்டு மதிப்பெண் பட்டியல்கள் அருகருகே.]

பொறியியல் கலந்தாய்வில் மொத்த மதிப்பெண்ணுக்கு வேலை இல்லை. கட்-ஆஃப் 200க்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஒரு மாணவி 600க்கு 560 எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணிதம் 82, இயற்பியல் 90, வேதியியல் 92. கட்-ஆஃப் 82, 45, 46, ஆக 173. பக்கத்து வீட்டுப் பையன் மொத்தம் 540தான். ஆனால் கணிதம் 97, இயற்பியல் 92, வேதியியல் 90. அவனுடைய கட்-ஆஃப் 97, 46, 45, ஆக 188. மொத்தத்தில் 20 மதிப்பெண் பின்தங்கியவன் தரவரிசையில் பல ஆயிரம் பேரைத் தாண்டி முன்னால் நிற்பான். இதில் தவறு எங்கே இருக்கிறது?

கட்-ஆஃப் சமமாக இருந்தாலும் கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகும் சமம் என்றால் பிறந்த தேதி; வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. அதுவும் ஒன்றாக இருந்தால் ரேண்டம் எண். இதற்கு மேல் 69 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் சாதியினர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வொரு கோடு. இந்தக் கோடுகளைப் பிடிக்காதவர்கள் சட்டமன்றத்தைப் பற்றிப் பேசலாம். கலந்தாய்வுக்கான சேவை மையத்து மேசையில் மனுக் கொடுத்து ஒன்றும் ஆகாது.

அப்படியானால் முறையிடத்தக்க தவறு எப்படி இருக்கும்? ஒன்றை அருகிலிருந்து பார்ப்போம்.

[திரையில்: மாற்றுச் சான்றிதழ், படிப்புச் சான்று, எமிஸ் எண் உள்ள பள்ளிப் பதிவு.]

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி. பலர் கவனிக்காத இன்னொரு வரியும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் இலவச இடம் பெற்று எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் தகுதி உள்ளவர்கள்தான். இப்போது ஒரு மாணவி இதே வழியில் வந்தவர். ஆறு முதல் எட்டு வரை தனியார் பள்ளியின் பெயர் இருப்பதைப் பார்த்து, விண்ணப்பத்தைச் சரிபார்த்தவர் அவரை 7.5 பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டார். தரவரிசையில் அந்த மாணவியின் பெயர் பொதுப் பட்டியலில் மட்டும் நிற்கிறது.

இது முறையிட வேண்டிய வழக்கு. தவறு சரிபார்த்தவருடையது. தாள் இருக்கிறது: எந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தார் என்று தனியார் பள்ளி கொடுக்கும் சான்று, பிறகு படித்த அரசுப் பள்ளியின் படிப்புச் சான்று. விதி இருக்கிறது. இவற்றை எடுத்துக்கொண்டு, குறைகளைத் தெரிவிக்கக் கொடுத்த நாள்களுக்குள் சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள, மருத்துவச் சேர்க்கையை நடத்தும் தேர்வுக் குழு அலுவலகத்துக்குப் போக வேண்டும். இதே மாணவி எட்டாம் வகுப்பு வரை அரசு உதவிபெறும் பள்ளியில் படித்திருந்தால் நிலைமை வேறு. உதவிபெறும் பள்ளி இந்த ஒதுக்கீட்டில் வராது. "அதுவும் அரசுச் சம்பளம்தானே" என்ற வாதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விதியில் அதற்கு இடம் இல்லை.

சாதிப் பிரிவு மாறிப் பதிவாவது, விளையாட்டுச் சான்றிதழ் கணக்கில் ஏறாமல் போவது, மறுமதிப்பீட்டில் உயர்ந்த மதிப்பெண் தரவரிசையில் வராமல் போவது, இவையெல்லாம் இதே வகை. பொறியியலுக்குச் சேவை மையம், அரசுக் கலைக் கல்லூரி என்றால் முதலில் முதல்வர், அடுத்து கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர்.

அடுத்தது, சொல்லக் கொஞ்சம் சங்கடமான வகை. தவறு நம்முடையதாகவே இருப்பது.

இதில் ஆண்டுதோறும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் விழும் குழி ஒன்று இருக்கிறது. நம் மாநிலத்து பி.சி. சாதிச் சான்றிதழ் நிரந்தரமானது. நீட் அகில இந்திய ஒதுக்கீடு, ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்றவற்றுக்குக் கேட்பது மத்திய அரசின் படிவத்தில் உள்ள ஓ.பி.சி. சான்றிதழ், அதாவது வசதி படைத்த பிரிவைச் சேராதவர் என்று காட்டும் சான்றிதழ். அது அந்தந்த ஆண்டுக்குப் புதிதாக வாங்க வேண்டியது. பெட்டியில் இருக்கும் பழைய பி.சி. சான்றிதழை ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டு, "நாங்கள் பி.சி.தானே" என்று கடைசி நாளில் நிற்பவர்கள் பலர். பி.சி.தான், மறுக்கவில்லை. ஆனால் கையேட்டில் எழுதியதைப் படிக்காதது அலுவலகத்தின் பிழை ஆகாது. திருத்தக் கால அவகாசம் இருந்தால் அன்றே தாசில்தார் அலுவலகத்துக்கு ஓடுங்கள். அவகாசம் முடிந்துவிட்டால் வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வீண்.

மதிப்பெண் குறைந்ததால் இடம் போனது என்றால்? பிளஸ் டூ விடைத்தாளின் நகலை முதலில் வாங்குங்கள். திருத்தாமல் விட்ட பக்கம் இருக்கிறதா, கூட்டலில் பிழையா என்று பாட ஆசிரியரோடு உட்கார்ந்து பாருங்கள். தன் விடைத்தாளைப் பார்ப்பது தேர்வரின் தகவல் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே சொல்லிவிட்டது. பார்த்த பிறகும் "ஆசிரியர் இன்னும் இரண்டு போட்டிருக்கலாம்" என்ற அளவில்தான் குறை நிற்கிறது என்றால் விட்டுவிடுங்கள். தாராள மனதைக் கேட்டு வாங்க முடியாது.

விடைக்குறிப்பே தவறு என்றால் கதை வேறு. 2024 நீட் தேர்வை நினைத்துப் பாருங்கள்.

[திரையில்: இயற்பியல் வினா. நான்கு விருப்பங்களில் இரண்டில் வட்டம்.]

அணுக்கள் பற்றிய ஓர் இயற்பியல் வினாவுக்கு இரண்டு விடைகள் சரி என்று தேர்வு முகமை மதிப்பெண் கொடுத்திருந்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. நீதிமன்றம் தானே விடை சொல்லவில்லை; டெல்லி ஐ.ஐ.டி.யின் மூன்று நிபுணர்களிடம் கேட்டது. நான்காவது விருப்பம் மட்டுமே சரி என்று அவர்கள் சொன்னார்கள். இரண்டாவது விருப்பத்தைக் குறித்திருந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஆளுக்கு ஐந்து மதிப்பெண் போனது. 720க்கு 720 எடுத்தவர்கள் 61 பேராக இருந்தது 17 ஆனது. முறையீடு வென்றது, வேறு லட்சக்கணக்கான பேரின் தரவரிசை சரிந்தது.

பாடநூல் பக்கத்தைத் திறந்து காட்டி நிறுவ முடிகிற தவறு என்றால்தான் நீதிமன்றம் இப்படி இறங்கி வரும். சந்தேகம் இருந்தால் அதன் பலன் தேர்வு நடத்தியவருக்கே, தேர்வருக்கு அல்ல என்பது 2017ல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி. குறிப்பு வெளியான உடனே ஒரு வினாவுக்கு ₹200 கட்டி ஆட்சேபிக்கும் வழி நீட் தேர்வில் இருக்கிறது. அந்த வாய்ப்பை விட்டுவிட்டு, முடிவு வந்த பிறகு கோபப்படுபவர்களைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

இனி நீதிமன்றம்.

மனுவுக்குப் பதில் வரவில்லை, அல்லது காரணம் சொல்லாமல் தள்ளிவிட்டார்கள் என்றால் சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ரிட் மனு, அதாவது அதிகாரிகளுக்கு உத்தரவிடக் கேட்கும் மனு, போடலாம். பிள்ளைக்கு 18 நிரம்பவில்லை என்றால் பெற்றோர் காப்பாளராக நின்று போட வேண்டும். பெண்கள், சிறார்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானத்தைப் பார்க்காமலேயே இலவசச் சட்ட உதவி உண்டு. இது தெரியாமல் நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

நீதிபதி எதைப் பார்ப்பார்? மருத்துவச் சேர்க்கை பற்றி 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கிருஷ்ண ஸ்ரத்தா வழக்கில் சொன்னதை வைத்தே நம்மை எடை போட்டுக்கொள்ளலாம். மாணவர் பக்கம் தவறு இருக்கக் கூடாது. தாமதிக்காமல் வந்திருக்க வேண்டும். அதிகாரிகள் விதியை மீறியிருக்க வேண்டும். இடம் பெற்றவரைவிட இவர் தகுதியில் முந்தியவராக இருக்க வேண்டும். இவை எல்லாம் பொருந்தினால், சேர்க்கைக்கான கடைசித் தேதி தாண்டிய ஒரு மாதத்துக்குள்கூட இடம் கொடுக்கச் சொல்லலாம், முடியாவிட்டால் அடுத்த ஆண்டு இடமோ இழப்பீடோ கொடுக்கலாம் என்றது அந்தத் தீர்ப்பு. நான்கில் மக்கள் கோட்டைவிடுவது இரண்டாவதில். ஜூலையில் நடந்த தவறுக்கு அக்டோபரில் வந்து நிற்பவரிடம் "இதுவரை என்ன செய்தீர்கள்" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

"தன்பாத் மாணவருக்குக் கொடுத்தார்களே" என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். அந்தக் கதையை முழுதாகக் கேளுங்கள்.

[திரையில்: கடிகாரம், மாலை 4:45. பிறகு 5:00.]

உத்தரப் பிரதேசம் முசாபர்நகர் பக்கத்துத் தினக்கூலித் தொழிலாளியின் மகன், தலித் குடும்பம். 2024ல் தன்பாத் ஐ.ஐ.டி.யில் மின் பொறியியல் கிடைத்தது. ஜூன் 24 மாலை 5 மணிக்குள் ₹17,500 கட்ட வேண்டும். ஊரார் சேர்த்துக் கொடுத்த பணம் கைக்கு வந்தபோது 4:45. விவரங்களை ஏற்றி முடிப்பதற்குள் இணையதளம் மூடிக்கொண்டது. அந்தக் குடும்பம் தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்துக்குப் போனது, ஜார்க்கண்ட் சட்ட உதவி மையத்துக்குப் போனது, அந்த ஆண்டு தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வந்தது. கடைசியில் உச்ச நீதிமன்றம். செப்டம்பர் 30 அன்று, யாருடைய இடத்தையும் பறிக்காமல் கூடுதலாக ஓர் இடம் உருவாக்கிச் சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்தது.

எனக்கும் அந்தத் தீர்ப்பில் மகிழ்ச்சிதான். ஆனால் அது அரசமைப்பின் 142ஆம் பிரிவில் கொடுத்தது. அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியது; உயர் நீதிமன்றத்தில் அதைக் கேட்க முடியாது. அவருடைய தகுதியில் யாருக்கும் ஐயம் இல்லை, இடம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்தது, தடுத்தது பணம் மட்டும்தான். "மறந்துவிட்டேன்", "நெட் வேலை செய்யவில்லை" என்று போகிறவர்கள் இதை முன்மாதிரியாகக் காட்டினால் எடுபடாது.

தனியார் பல்கலைக்கழகங்கள் தாங்களே தேர்வு வைத்து "தேர்வாகவில்லை" என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பினால், மதிப்பெண் பதிவில் பிழை இருக்கிறதா என்று ஒரு முறை எழுதிக் கேளுங்கள். அதற்கு மேல் அங்கே நேரம் போக்க வேண்டாம்.

முறையிடுவது என்று முடிவு செய்துவிட்டால் கையில் இருக்கும் இடத்தை விட்டுவிடாதீர்கள். பொறியியல் கலந்தாய்வில் தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஏற்றுச் சேர்கிறேன், ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கிறேன், மறுக்கிறேன் என்று பல தெரிவுகள் வரும். கோபத்தில் "மறுத்து வெளியேறுகிறேன்" என்பதை அழுத்தினால், அதற்குப் பிறகு முறையீடு வென்றாலும் நடுவில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. கிடைத்த கல்லூரியில் சேருங்கள். முறையீடு நிலுவையில் இருக்கும்போதே சேர்ந்தேன் என்பதை மனுவில் ஒரு வரியாக எழுதுங்கள். கட்டணம் போய்விடுமே என்றால், 2024-25க்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அறிவித்த விதிப்படி செப்டம்பர் 30க்குள் விலகியவர்களுக்கு முழுக் கட்டணமும், அக்டோபர் 31க்குள் விலகியவர்களுக்கு ₹1,000க்கு மேல் பிடிக்காமலும் திருப்பித் தர வேண்டும். உங்கள் ஆண்டுக்கான தேதிகளைச் சேரும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: ஒரு பக்க மனு.]

மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். விண்ணப்ப எண், தரவரிசை எண், நடந்த தவறு ஒரு வாக்கியத்தில், மீறப்பட்ட விதியின் எண், இணைத்துள்ள சான்றுகள், கேட்பது என்ன. குடும்பக் கஷ்டம், பிள்ளையின் கனவு இவற்றை எல்லாரும் எழுதுகிறார்கள். படிக்கிறவர் தேடுவது விதி எண்ணைத்தான். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கூடவே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுவிட்டுக் காத்திருப்பது இங்கே உதவாது. அவர்களுக்கு 30 நாள் அவகாசம் இருக்கிறது, அதற்குள் இரண்டு சுற்றுக் கலந்தாய்வு முடிந்துவிடும். மூன்று நாளில் பதில் இல்லையென்றால் அந்த முத்திரையிட்ட நகலோடு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும்.